அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட்டு, பொரியல் இல்லாமல் போனாலும் போகும். இங்கிலீஷ் இல்லாமல் போகாது. அப்பா தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். சாதாரண வார்த்தைகளை அவர் மதிக்கவே மாட்டார். வெள்ளைக்காரனே மறந்துபோன வார்த்தைகள்தான் அவருக்கு வேண்டும். தடித்த அகராதியிலிருந்து தினம் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, நான் முதல் கவளத்தை வாயில் வைக்கும் நேரம் பார்த்து, "க்வெரூலஸ். என்ன அர்த்தம்?" என்பார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்? திருதிருவென்று விழிப்பேன். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். உடனே வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் உதாரணம் சொல்லுவார். எதற்கெடுத்தாலும் மூக்கைச் சிந்திக் குறைபட்டுக்கொள்ளும் எதிர்வீட்டு அண்ணாச்சி க்வெரூலஸ். கம்பளிப்பூச்சி அரித்து, காற்றில் பாதி முறிந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிணற்றடியில் நின்ற முருங்கை மோரிபண்ட். சாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

அம்மா பரிமாறிக்கொண்டு நிற்பாள். அவளை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அவளிடம் அப்பா ஒருநாளும் அர்த்தம் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. நான்தான் ஒருதடவை, "அம்மா, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "எனக்கெதுக்குட்டி இங்கிலீசு? ரசத்துல உப்பு இருக்கான்னு சொல்லு" என்றாள்.

அந்த வருஷம் பங்குனியில் அம்மா படுத்தாள். முதலில் காய்ச்சல், பிறகு மூச்சிரைப்பு, பிறகு கால் வீக்கம். மருந்து மாற்றி மருந்து. ஆனியில் சாரல் தொடங்கியதும் அப்பா லீவு போட்டுவிட்டுக் குற்றாலத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தார். குற்றாலக் காற்றுப் பட்டால் எழுந்திருக்காத நோயாளி இல்லை என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பினார்கள். அப்பா எல்லாரையும்விட அதிகம் நம்பினார். எனக்கோ கொண்டாட்டம். ஜன்னலைத் திறந்தால் அருவிச் சத்தம், தெருவெல்லாம் மங்குஸ்தான் பழம், உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெட்கமில்லாமல் நடமாடும் ஜனம். அம்மா படுத்திருப்பதே எனக்கு மறந்துபோகும். அப்படி ஒரு வயசு.

தென்காசியிலிருந்து டாக்டர் வந்தார். வயசானவர், அந்தச் சாரலிலும் கோட்டுப் போட்டவர். அந்தக் காலத்தில் படித்தவர்கள் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். படுத்திருப்பது பெண்பிள்ளை என்றால் குரலைத் தாழ்த்தக்கூட மாட்டார்கள். டாக்டர் குழாயைக் காதிலிருந்து கழற்றிவிட்டு நீளமாக என்னவோ சொன்னார். அப்பா இங்கிலீஷிலேயே ஏதோ கேட்டார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சொன்னார். அவ்வளவு பேச்சிலும் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு வார்த்தை, மோரிபண்ட்.

அட, நம்ம முருங்கை! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தேன். போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்கும்படி பிடித்தது.

டாக்டரை வாசல்வரை கொண்டுவிட்டு அப்பா திரும்பி வந்தார்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?" என்றாள் அம்மா.

"சாரல் நல்லா விழட்டுங்காரு. ஆடி முடியதுக்குள்ள நீ எந்திரிச்சு நடமாடிருவியாம்." அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அப்படியா? நல்லதாப் போச்சு. எனக்கும் இன்னைக்கு மூச்சு கொஞ்சம் லேசா இருக்கு."

அதைக் கேட்டு அப்பாவின் முகம் தெளிந்ததே, அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பினார், பாவம். மங்குஸ்தான் பழத்தை உடைத்துச் சுளை சுளையாக அவளுக்கு ஊட்டினார்.

அவர் வெந்நீர் எடுக்கப் போனதும் நான் அம்மாவின் காதோரம் குனிந்து, "நம்ம முருங்கயப் பத்தித்தான டாக்டர் பேசுனாரு?" என்று கேட்டேன்.

அம்மா, "ஆமாட்டி, முருங்கயத்தான்" என்றாள். பிறகு, "எனக்கு அந்த வார்த்த தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிராத, என்ன? மனசு ஒடஞ்சு போவாரு" என்றாள். ஒரு முருங்கை பட்டுப்போவதற்கு அப்பாவின் மனசு ஏன் உடைய வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் சீப்பையும் ரிப்பனையும் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். எவ்வளவு முடியாவிட்டாலும் தலையணையில் சாய்ந்தபடியே எனக்குத் தலைபின்னி விடுவாள். அன்றைக்கு மாட்டேன் என்றுவிட்டாள். "இந்தாருங்க, இங்கன வாங்க. இவளுக்கு நீங்க பின்னி விடுங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நானா? எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

"இம்புட்டு இங்கிலீசு படிச்சிருக்கிய, முடிய மூணு பிரியா எடுத்து மாத்தி மாத்திப் போடத் தெரியாதாக்கும்? நான் எந்திரிக்கிற வரைக்குந்தான்."

அப்பா இழுத்த இழுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பின்னலும் இரண்டு திசை பார்த்தன. அம்மா சிரித்தாள், சிரிப்பு மூச்சிரைப்பில் போய் முடிந்தது. "அவுத்துட்டு மறுபடி போடுங்க" என்றாள். நான் கத்தி அழுதேன். அம்மாதான் பின்னவேண்டும் என்று தரையில் புரண்டேன். அவள் கை என் தலைப்பக்கம் ஒருதடவை வந்தது. பிறகு அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

தினமும் இதே கூத்துதான். ஆடி பிறந்தபோது அப்பாவுக்குப் பின்னல் நேராக வந்துவிட்டது. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி என்னை அம்மாவின் முன்னால் திருப்பித் திருப்பி நிறுத்திக் காட்டினார். அம்மா பின்னலின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்து, "இனிமே பயமில்ல" என்றாள்.

ஆடி முடியவில்லை; அதற்குள் போய்விட்டாள்.

வந்த பெண்கள் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சீப்பைப் பிடிக்க அவளுக்குக் கையில் தெம்பு இருந்தது, எனக்குத்தான் தெரியுமே. என்மேல் ஆசை விட்டுப்போய்த்தான் என்னை அப்பாவிடம் தள்ளிவிட்டாள் என்று நினைத்தேன். விடிந்ததும் அப்பா போட்டுவிட்ட பின்னல் கொஞ்சமும் கலையாமல், அவள் கிடந்த பக்கம் முகம் கொடுக்காமல், அம்மாவோடு காய் விட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.