அப்பா போட்ட பசளை

வெம்பிளி வீட்டை விட்டு அம்மாவும் நானும் நகரின் மறுகோடியில் இருக்கும் செவன் கிங்ஸுக்குக் குடிவந்தது ஜூலை மாத வெக்கையில். அப்பா எங்களோடு வரவில்லை. இனிச் சனிக்கிழமைகளில் மட்டும் என்னைப் பார்க்க வருவார் என்றார்கள். அப்பாவை விட்டுவிட்டு வந்த அம்மா, தான் நட்டு வளர்த்த செவ்வரத்தைப் பூச்செடியை மட்டும் கிண்டி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவரோடு கதைக்காமல் இருக்க எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வீட்டுப் பின்வளவில் நட்ட சில நாளிலேயே இலைகள் தொங்கிவிட்டன. அம்மா சமையல் கத்தரிக்கோலை எடுத்துக் கிளைகளைப் பாதிக்கு வெட்டினார். மொட்டுகளும் போயின.

“ஏனம்மா எல்லாத்தையும் வெட்டுறியள்? அது சாகப்போகுது!” என்று கத்தினேன்.

“கிண்டேக்க வேர் கனக்க அறுந்துபோச்சு. மிச்ச வேரால இவ்வளவு இலைக்கும் தண்ணி குடுக்க ஏலாது,” என்றார். நான் கதவை அடித்துச் சாத்தினேன்.

சனிக்கிழமை அப்பா செடிக்கு உரமாக ஒரு பை பசளையோடு வந்தார். அம்மா செடியை வெட்டியதைப் போனில் நான்தான் முறையிட்டிருந்தேன். செடியைச் சுற்றி அள்ளிக் கொட்டினார். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

“வேர் பிடிக்காத மரத்துக்கு ஆராவது பசளை போடுவினமோ? எரிஞ்சு போகும்!”

“உமக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்!”

பக்கத்து வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

அப்பா போனதும் அம்மா முழங்காலிட்டு, அந்தப் பசளை முழுவதையும் மேல்மண்ணோடு வழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அப்பா எனக்காகக் கொண்டுவந்ததை! அன்று நான் சாப்பிடவில்லை. அம்மா வெயில் படாமல் பழைய பெட்ஷீட்டைக் கட்டி, அடியில் மரச்சீவல் பரப்பி, கோடை முடியும்வரை காலையில் ஆறுதலாக, மெதுமெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். குளிர் வந்ததும் மிஞ்சியிருந்த இலைகளும் விழுந்தன. அம்மாவின் காதில் விழும்படி, “செத்த மரம்” என்று சொல்லிக்கொண்டே அதைக் கடந்து போவேன்.

அடுத்த மே மாதம் கணுக்களில் பச்சை தெரிந்தது. அப்பா குனிந்து பார்த்துப் பூரித்துப்போனார். “பாத்தீரே, என்ர பசளை வேலை செய்திருக்கு!”

இப்போது அம்மா உண்மையைச் சொல்வார், மறுபடி சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“ஓம், நல்ல பசளைதான்,” என்று அம்மா தேநீர்க் கோப்பையை நீட்டினார்.

அப்பா போனபிறகு, “ஏன் பொய் சொன்னனீங்கள்?” என்று அவரோடு சண்டை பிடித்தேன். என்னையே ஏமாற்றிவிட்டதுபோல அப்படியோர் ஆத்திரம். அம்மா கோப்பையைக் கழுவினார். அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.