தராசில் ஏறிய லெப்டொப்

எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துப் போகும். காது சூடாகும், கை நடுங்கும், சொல் மட்டும் வராது. வெளியாட்கள் முன்னால் என்றால் சாதாரணப் பேச்சே வராது. ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறியவள் நான். கடைக்குப் போனாலும் விலை கேட்க மாட்டேன், பக்கத்தில் நிற்பவர் கேட்கும்வரை காத்திருப்பேன். அப்படிப்பட்ட எனக்குப் பதுளையில் ஒரு கடையில் வாய் திறந்தது. முதல் தடவை தப்பான இடத்தில் திறந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். மருமகள் என்னோடு மடுல்சீமையில், தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிறாள். டிவிஷன் என்கிற எங்கள் தோட்டப் பிரிவின் முன்பள்ளியில் மூன்று வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். இந்த வருடம் அவளைக் கூப்பிட்டு, டிப்ளோமா இல்லாதவர்களை இனிமேல் வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படிப்பு சனிக்கிழமை தோறும் இன்டர்நெட்டில் நடக்கும். வீட்டிலிருந்தே படிக்கலாம். காலையிலிருந்து பின்னேரம் வரை அறுந்து போகாமல் இருக்க வேண்டும். இடையில் அறுந்தால் அரை நாள் வரவுதான் போடுவார்கள். அரை வரவு கூடினால் சோதனை எழுத விடமாட்டார்கள். சோதனை இல்லையென்றால் வேலை இல்லை.

முதல் இரண்டு சனிக்கிழமையும் போனில் படித்தாள். அது பழைய போன். படம் ஓட ஓடச் சூடாகி அணைந்து போனது. இரண்டு நாளுக்கும் அரை வரவு.

"அரைப்பேரு போட்டுட்டாங்க மாமி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அந்தச் சொல் தெரியும்.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். விடிந்ததிலிருந்து நின்ற காலுக்குப் பாதிச் சம்பளம். கிலோ குறைவது செடியில் நடந்தால் பரவாயில்லை. எங்களுக்கு அது மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நடக்கும். கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார், "தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு கழிவு" என்பார், மூன்று கிலோவைக் குறைத்து எழுதுவார். மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர் கழித்தால் சரி. பங்குனி வெயிலில், இலை சுருண்டு கிடக்கிற நாளிலும் தண்ணீருக்கு இரண்டு கிலோ கழித்தார்கள். சாக்கைத் தலையிலிருந்து இறக்கும்போதே எனக்கு எடை தெரியும். பதினெட்டு என்று கை சொல்லும், பதினைந்து என்று புத்தகத்தில் ஏறும். ஒரே ஒரு முறை, "கூட இருக்கும்ங்க" என்று முனகினேன். "ஒனக்கு அப்படித் தோணும்" என்றார். அதற்குப் பிறகு வேலையை விட்டு நிற்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கணக்கப்பிள்ளை ஓய்வு பெற்று இன்னும் எங்கள் டிவிஷனில்தான் இருக்கிறார், கோயிலுக்கு மேலே உள்ள வீட்டில்.

நான் வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேமலாப நிதியில் கூரைத் தகரம் மாற்றியது போக ஐம்பதாயிரம் ரூபாய் மிச்சம் இருந்தது. புது லெப்டொப் அந்தக் காசுக்கு வராது, பாவித்ததுதான் வாங்கலாம் என்று மகன் போனில் சொன்னான். என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொன்னான். மருமகள் அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டாள். கடைசி வரியில் பேட்டரி என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். எங்கள் பக்கம் காற்று அடித்தால் மரம் முறிந்து கம்பியில் விழும், கரண்ட் போகும். போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேட்டரி நிற்காத லெப்டொப் எங்களுக்கு ஒரு பலகைத் துண்டு. இன்டர்நெட்டுக்கு அந்தப் பழைய போன் போதும், படம் காட்டாமல் டேட்டா மட்டும் கொடுத்தால் அது தாங்கும்.

பசறை வழியாக பஸ் பிடித்துப் போனோம். பதுளையில் பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு சந்துக்குள் அந்தக் கடை இருந்தது. பழைய போன், பழைய லெப்டொப், சார்ஜர் எல்லாம் விற்கிற கடை. முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி. பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. அதை நினைத்தால் இப்போது என் மேலேயே கோபம் வருகிறது. நான் வாசலோரத்து முக்காலியில் உட்கார்ந்தேன்.

"வாங்கம்மா, வாங்க பாட்டி. எந்தப் பக்கம்?"

"மடுல்சீமைங்க" என்றாள் மருமகள். "நான் முன்பள்ளி டீச்சர். ஒன்லைன்ல படிக்கிறதுக்கு ஒண்ணு வேணும். ஐம்பதுக்குள்ள."

"அப்ப பெருசா தேவையில்ல டீச்சர். தோட்டத்துக்கு இது போதும்."

தோட்டத்துக்கு இது போதும். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே நான் கிழவியாகிவிட்டேன். ஐந்து வகுப்புப் பள்ளிக்கூடம் தோட்டத்துக்குப் போதும். எல்லா நோவுக்கும் ஒரே வெள்ளை மாத்திரை, அது தோட்டத்துக்குப் போதும். பத்தடி அறையில் எட்டுப் பேர் படுப்பது தோட்டத்துக்குப் போதும். முக்காலியில் இருந்தபடி சேலைத் தலைப்பை முறுக்கினேன்.

அவர் இரண்டு லெப்டொப்பை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று இருந்தது. மற்றதில் மூடி முழுக்கக் கீறல், ஒரு மூலை உடைந்திருந்தது, எழுத்துக்கட்டைகளில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது.

"ரெண்டும் கொழும்புல ஒரே ஆபீஸ்ல ஒரே நாள் எடுத்தது. ரெட்டப் புள்ளைங்க. உள்ள எல்லாம் ஒண்ணு. வெளியதான் இது அழகு, அது அழுக்கு. டீச்சர் கையில இந்த அழகுதான் இருக்கணும்."

அழகானதற்கு ஐம்பது, அழுக்கானதற்கு நாற்பத்தேழு. மருமகள் துண்டைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். அவர் அழகானதை வயரோடு போட்டுக் காட்டினார்.

"பேட்டரி நிக்குமாங்க?"

"மூணு மணித்தியாலம் தாராளமா. இப்ப சார்ஜ் இறங்கிக் கெடக்கு, அதான் வயரோட காட்டுறேன். வீட்டுக்குப் போயி ஒரு ராத்திரி ஏத்துங்க."

"ஹார்ட் டிஸ்க்?"

"ஐந்நூறு."

மருமகள் திரையில் குனிந்து பார்த்தாள். "நானூத்தி அறுபத்தஞ்சுன்னு காட்டுதுங்களே."

அவர் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்: "அது கழிவும்மா. எல்லாத்துலயும் இருக்கும்."

கழிவு! நான் எழும்பியது எனக்கே தெரியவில்லை.

"எதுக்குக் கழிவு? தண்ணிக்கா, சாக்குக்கா?"

போனுக்கு உறை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பாட்டி, இது கொழுந்து இல்ல" என்றார் முதலாளி.

"கொழுந்தோ கல்லோ, ஐந்நூறுன்னா ஐந்நூறு குடுக்கணும். முப்பத்தஞ்சு எங்க போச்சு? யாரு வீட்டுக்குப் போச்சு?"

மருமகள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "மாமி, மாமி, சும்மா இருங்க. இது நெசமாவே அப்படித்தான் காட்டும். ஒங்க மகன் போன்லயே சொன்னாரு. நான்தான் மறந்துட்டுக் கேட்டுட்டேன்."

என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? எத்தனை வருடத்துக்குப் பிறகு வாய் திறந்தேன், அதுவும் களவு இல்லாத இடத்தில் களவு என்று கத்திவிட்டேன். அந்த இரண்டு பேரில் ஒருவன், "பாட்டி பெரட்டுக்களத்துலேருந்து நேரா வந்திருக்கு" என்றான். காலையில் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடம் அது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

முதலாளிக்குச் சந்தோஷம். இனி இந்தக் கிழவி பேசாது என்று நினைத்திருப்பார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி வயரைக் கழற்றி, அழகான லெப்டொப்பை மூடி என் கையில் வைத்தார்.

"தூக்கிப் பாருங்க பாட்டி. எவ்வளவு லேசு. பஸ்ல கொண்டு போகச் சுகம்."

தூக்கினேன். லேசாகத்தான் இருந்தது. அதை மேசையில் வைக்க இடமில்லாமல் மற்றதைக் கையில் எடுத்து நகர்த்தினேன். என் கை நின்றது. திரும்ப அதைத் தூக்கினேன். திரும்ப இதைத் தூக்கினேன்.

"ரெண்டும் ஒண்ணுன்னீங்க."

"ஒண்ணுதான்."

"அழுக்குப் புடிச்சது கனமா இருக்குங்களே. கால் கிலோவுக்கு மேல கூட."

"அது ஒங்களுக்கு அப்படித் தோணும் பாட்டி."

தோணும். அதே சொல். அதே ராகம். இந்த முறை எனக்குக் கை நடுங்கவில்லை.

"நிறுத்துப் பாப்பம்" என்றேன்.

"என்னது?"

"பக்கத்துல மளிகைக் கடை இருக்கு. தராசு இருக்கு. நிறுத்துப் பாப்பம்."

"லெப்டொப்ப வெங்காயம் மாதிரி நிறுத்து வாங்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்று அவர் பெரிதாகச் சிரித்தார். என்னைக் கேலி செய்தவனே அதற்குள் பக்கம் மாறிவிட்டான். "நிறுத்துத்தான் பாருங்களேன் அண்ணே, ஒங்களுக்கு என்ன நட்டம்?" என்று இரண்டையும் அவனே தூக்கிக்கொண்டு நடந்தான்.

மளிகைக் கடைக்கார அம்மா தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். அழகானது இரண்டு கிலோவும் கொஞ்சமும். அழுக்கானது அதைவிட முந்நூற்று முப்பது கிராம் கூட. சிவப்பு எழுத்தில் காட்டியது. அதைக் குறைத்து எழுத அங்கே யாரும் இல்லை.

மருமகள் அழுக்கு லெப்டொப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். வயர் இல்லை. வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் திரை நீலமாக எரிந்தது. அழகானதை அழுத்தினாள். இன்னொரு தரம் அழுத்தினாள். கறுப்பாகவே கிடந்தது.

"சார்ஜ் இறங்கிருச்சுன்னு சொன்னேனே" என்றார் முதலாளி.

"சார்ஜ் இறங்குனா எடையும் இறங்குமா?" என்றேன்.

மளிகைக் கடை அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். லெப்டொப்பைத் தூக்கி வந்தவன் அதைக் குப்புறப் போட்டு, "மூடியக் கழட்டிப் பாப்பமா அண்ணே? நாலு ஆணிதான்" என்றான்.

முதலாளி அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "வேற ஒண்ணுக்குப் போடப் பேட்டரியக் கழட்டியிருப்பாங்க. எனக்குத் தெரியாது. வயரோட பாவிச்சா அதுவும் நல்லாத்தான் ஓடும். லயத்துல எல்லாம் இப்ப கரண்ட் இருக்குதானே."

"எங்க கரண்ட நீங்க எப்ப வந்து பாத்தீங்க?" இதைக் கேட்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "புள்ள பேட்டரி பேட்டரின்னு கேட்டுச்சே. மூணு மணித்தியாலம் நிக்கும்னு விபூதி பூசுன நெத்தியோட சொன்னீங்களே. இல்லாத பேட்டரி எப்படி நிக்கும்? இவ வேல போனா நீங்க குடுப்பீங்களா? தோட்டத்து ஆளுங்கன்னா உள்ளுக்குள்ள எதையும் உருவிட்டுக் குடுக்கலாம், தெரியாதுன்னு நெனச்சீங்க."

அவர் அழகானதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் கடைக்கு நடந்தார். வேறு கடைக்குப் போய்விடலாம் என்று எனக்கு ஆத்திரம். ஆனால் மறுநாள் சனிக்கிழமை. மூன்றாவது அரைப்பேர் விழுந்தால் கதை முடிந்தது. அழுக்கு லெப்டொப்பை வயர் இல்லாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் கடையிலேயே ஓடவிட்டு, நாங்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்தோம். அணையவில்லை. பில்லில் பேட்டரியோடு கொடுத்தது என்று எழுதச் சொன்னாள் மருமகள். எழுதினார். தேய்ந்துபோன எழுத்துகளுக்காக இன்னும் ஆயிரம் குறைக்கச் சொன்னாள். குறைத்தார்.

பஸ்ஸில் பசறை வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த ஐந்நூறு எப்படி நானூற்று அறுபத்தைந்து ஆகிறது என்று விளக்கினாள். செய்கிறவன் ஒரு கணக்கில் எண்ணுகிறானாம், மெஷின் வேறு கணக்கில் எண்ணுகிறதாம், நடுவில் யாரும் எடுக்கவில்லையாம். எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையாட்டினேன். மடியில் லெப்டொப் கனமாக இருந்தது. என் கை பொய் சொல்லவில்லை என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் மடுவத்திலும் அது பொய் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு மூன்று கிலோ. எத்தனை நாள், எத்தனை வருடம் என்று எண்ணத் தொடங்கி, ஆத்திரத்தில் நடுவில் விட்டுவிட்டேன். கோபம் ஆறவில்லை. வீட்டுக்கு வந்து விறகை உடைத்தேன், அப்போதும் ஆறவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் காற்று தொடங்கியது. சாப்பாட்டு நேரம் முடிந்து மறுபடி பாடம் தொடங்கியபோது கரண்ட் போனது. லயம் முழுக்க, "போச்சு, போச்சு" என்று சத்தம். நான் அடுப்படியில் அப்படியே நின்றேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். காற்றுக்கு ஜன்னல் சாத்தியிருந்த இருட்டில் மருமகளின் முகத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பாடம் முடியும்வரை நான் அந்த நிலைப்படியை விட்டு நகரவில்லை. கடைசியில் வரவு வாசித்தார்கள்.

"முழுப்பேரு மாமி" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை சீனி வாங்கக் கடைக்குப் போனேன். பழைய கணக்கப்பிள்ளை அங்கே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அன்று அவரே பேச்சைக் கொடுத்தார்.

"மருமக லெப்டொப் வாங்கியிருக்காமே?"

"ஆமாங்க" என்றேன். நேராக அவர் முகத்தைப் பார்த்தேன். "நிறுத்து வாங்குனோம். கழிவு இல்லாம."

அவர் பேப்பரை அடுத்த பக்கம் திருப்பினார். நான் யாரும் கேட்பதற்குக் காத்திருக்காமல் சீனி விலையைக் கேட்டேன்.