ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. காரணம்... ஒரு தீவு.

நிஜத் தீவு இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருப்பது. கார் ஓட்டும் கேம். வழக்கமான ரேஸ் கேம் மாதிரி ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதில்லை. தீவு முழுக்க ரோடு. கடற்கரை, காடு, மலை என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். ரேஸ் ஓட்டலாம், சும்மா ஊரும் சுற்றலாம். இன்டர்நெட்டில் இணைந்துவிட்டால், எதிரே வருகிற கார்களில் பல, எங்கோ ஒரு நாட்டில் நிஜ மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டுபவை.

என் மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது கம்ப்யூட்டரையும், மேஜையில் மாட்டும் ஸ்டீயரிங்கையும், இந்தத் தீவையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். "அப்பப்ப தூசி தட்டி வைங்கம்மா" என்றான். தட்டினேன். அப்புறம் ஓட்டினேன்.

ஐம்பதைத் தாண்டிய பொம்பளைக்குக் கார் கேம் எதற்கு என்கிறீர்களா? சாயங்காலம் முழுக்க சீரியல் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் என்னை யாராவது இப்படிக் கேட்டிருப்பீர்களா?

சண்டைக்கு வருகிறேன். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் கொழுந்தன் சேகர் லீவுக்கு கொடைக்கானல் வந்திருந்தான். சாயங்காலம் காபி டம்ளரோடு வந்து எங்கள் பின்னால் நின்றான். 'எங்கள்' என்கிறேன் - ஏனென்றால் ஸ்டீயரிங்கில் இருந்தது நான் இல்லை, யோகராஜ் அண்ணன்.

யோகராஜ் அண்ணன் டூரிஸ்ட் வேன் டிரைவர். டிரைவராக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மலை இறங்கும் காட் ரோட்டில் அவர் வேனில் உட்கார்ந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அப்படித் தூங்கியபடி எத்தனையோ தடவை ரயில் ஏறப் போயிருக்கிறேன். சர்க்கரை வியாதி அவருடைய ஒரு கண்ணை வாங்கிக்கொண்டது. வேன் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். ஒற்றைக் கண்ணோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கக் கூடாதுதான். அந்த நியாயத்தில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஸ்டீயரிங் பிடித்தே பழகிய கை, பக்கத்துக் கிராமமான பள்ளங்கியில் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் கேரட் கொடுக்க வந்தவரை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தேன். கம்ப்யூட்டர் திரை தட்டையானதுதானே? அதற்கு ஒரு கண் போதும்.

முதல் நாள், வலதுபக்கம் ஓட்ட வேண்டிய அந்த வெளிநாட்டுத் தீவில் பிடிவாதமாக இடதுபக்கமே ஓட்டினார். எதிரே வந்த கார்கள் எல்லாம் கதி கலங்கிப்போயின. அது சரியானதும் அடுத்த கூத்து. ஒரு ரேஸ். மலையிலிருந்து இறங்குகிறார்கள். அண்ணன்தான் முதலில் போகிறார். கொண்டை ஊசி வளைவில் யாரோ ஒருவர், ரேஸுக்குச் சம்பந்தமில்லாமல் ஊர் சுற்றுகிறவர், எதிரே ஏறி வருகிறார். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஹார்ன் அடித்தார். ஓரம் கட்டினார். லைட்டை டிம் செய்தார். நின்றுவிட்டார்.

பின்னால் வந்த அத்தனை பேரும் அவரைத் தாண்டிப் பறந்தார்கள். அண்ணன் கடைசி.

"என்னண்ணே, இது ரேஸு" என்றேன்.

"ரேஸா இருந்தா என்ன மேடம்? ஏறி வர்ற வண்டிக்கு எடம் குடுக்காம எப்புடிங்க போறது?"

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால் மறுபடி எடுப்பது பாடு. அதனால் இறங்குகிறவன்தான் காத்திருக்க வேண்டும். அந்தக் கேம் காருக்கு ஏது ஏற்றம், ஏது பாரம்? எங்கே நிறுத்தினாலும் சீறிக்கொண்டு கிளம்பும். அதை அண்ணனுக்கு விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வளைவில் மறுபடி ஓரம் கட்டினார்.

திரையில் கிண்டல் மழை. கார் ரிப்பேரா, ஆள் தூங்கிட்டானா என்று ஆளாளுக்கு டைப் செய்தார்கள். ரூய் என்று ஒரு போர்ச்சுகல்காரர் மட்டும் "ஏன் நின்றீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார். இரவு ஷிப்டில் பேக்கரி வேலை பார்ப்பவராம். நமக்குச் சாயங்காலம், அவருக்கு மதியம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் காரணத்தை டைப் செய்தேன். பதிலாக, "எங்கள் மலைக் கிராமத்திலும் என் அப்பா இப்படித்தான் நிற்பார்" என்று வந்தது.

அன்றிலிருந்து ரூயும் நின்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். மலைக்குப் போகிற ரோட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தினமும் ஒன்றாக ஏறுவோம், இறங்குவோம், வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிப்போம். ஒரு ரேஸிலும் ஜெயித்ததில்லை.

இதைத்தான் சேகர் காபி குடித்தபடி பார்த்தான். பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னான்.

"இதெல்லாம் நிக்காது அண்ணி. ரேஸ் கேம்ல கம்யூனிட்டியா? அடுத்த கேம் வந்துச்சுன்னா அம்புட்டுப் பேரும் அங்கிட்டுப் போயிருவாங்க. தீபாவளிக்குள்ள இந்தத் தீவு காலியாக் கெடக்கும். ஆள் இல்லைன்னா கம்பெனியும் சர்வர மூடிட்டுப் போயிருவான். பழகிக்கிறாதீங்க."

யோகராஜ் அண்ணன் காரை ஓரம் கட்டினார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம்" என்று எழுந்து போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... "உன்னைய யாரு ஜோசியம் கேட்டா?" என்று சேகரைப் பிடித்துக்கொண்டேன். "உண்மையத்தான அண்ணி சொன்னேன்?" என்றான். உண்மையாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போட்டு உடைக்கலாமா? இரண்டு நாள் நானும் அவனும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு மழை. மரம் விழுந்து டெலிபோன் லைன் அறுந்தது. பிராட்பேண்டும் போச்சு.

லைன் வந்த அன்று நான் தனியாகத் தீவுக்குள் போனேன். மனசுக்குள் பயம்தான். சேகர் சொன்ன மாதிரி காலியாக இருந்தால்?

உள்ளே நுழைந்த உடனே ரூயிடமிருந்து மெசேஜ். "ஹார்ன்காரர் எங்கே? உடம்பு நன்றாக இருக்கிறாரா?" பின்னாலேயே மற்றவர்களிடமிருந்து அதே கேள்வி. அண்ணன் பெயர் அவர்கள் வாயில் நுழையாது. அதனால் அவர்களே வைத்த பெயர் அது.

உடனே பள்ளங்கிக்குப் போன் போட்டேன்.

"வேணாம் மேடம்" என்றார். அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அந்தப் பேச்சு இன்னும் நாக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "சின்ன வயசுல ஒரு ஊரு போச்சு. இப்ப ஓட்டுன ரோடு போச்சு. இதுவும் போயிரும்னு தம்பி சொல்லுறாரு. இன்னொருக்கா எனக்கு ஏலாது மேடம்."

அழுகிற நேரமா அது?

"போறது போகட்டும்ணே. அங்க உங்களத் தேடுறாங்க. ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டா எப்படி? வந்து சொல்லிட்டாவது போங்க" என்றேன்.

மறுநாள் வந்தார். சேகரும் வந்து சுவரில் சாய்ந்து நின்றான். அண்ணன் மலை ரோட்டைப் பிடித்து ஏறினார். முதல் வளைவில் ஹார்ன் அடித்தார். மேலிருந்து பதில் ஹார்ன். திரும்பினால், இறங்கி வந்த சிவப்பு கார் ஒன்று ஓரம் கட்டி, லைட்டை டிம் செய்து நின்றிருந்தது. அடுத்த வளைவில் இரண்டு கார்கள். அதற்கும் மேலே இன்னொன்று. அண்ணன் ஒவ்வொருவரையும் தாண்டும்போது வலது கையை லேசாகத் தூக்கினார், வேன் ஜன்னலில் தூக்குகிற மாதிரியே. திரைக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் கை தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

சேகர் கார்களின் மேலே இருந்த பெயர்களைப் படித்துப் பார்த்தான். "இவங்கெல்லாம் உங்க க்ரூப்பா அண்ணி?"

எனக்கும் ஒரு பெயர்கூடத் தெரிந்ததாக இல்லை. ரூயைக் கேட்டேன். "எங்களுக்கும் தெரியாது. நீங்கள் இல்லாதபோதும் நாங்கள் நின்றோம். பார்த்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்" என்றார்.

கார் புதுசா, கேம் புதுசா என்பதா ஆட்களைக் கட்டிவைக்கிறது? ஒரு நாள் வராவிட்டால் எங்கே என்று கேட்க ஆள் வேண்டும். அடுத்தவனுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்க ஒரு சாக்கு வேண்டும். இது இரண்டும் இல்லாத அபார்ட்மென்ட்கள் சென்னையில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் பற்றி சேகர் ஜோசியம் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "சரி அண்ணி, ஒத்துக்கிறேன். ஆனா என்னைக்காவது ஒருநாள் சர்வர மூடத்தான் செய்வாங்க" என்றான்.

"மூடட்டும். மண்சரிவு வந்தா காட் ரோட்டையும்தான் மூடுறாங்க. அதுக்குப் பயந்து இங்க எவனும் வண்டிய வித்துட்டு உக்காரல" என்றேன்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது மூடுற அன்னைக்குப் பாத்துக்கலாம் சார். இப்ப ரோடு தெறந்துதான கெடக்கு" என்றார். கிளம்பும்போது என்னிடம், "நாளைக்கு வெள்ளனே வந்துர்றேன் மேடம், ரூய் சார்ட்ட சொல்லிருங்க" என்றார்.

தீவை மூடப் போகிற கம்பெனிக்கு ஒரு வார்த்தை: மூடுங்கள், ஆனால் ஏறிக்கொண்டிருப்பவர்கள் ஏறி முடிக்கிற வரைக்கும் ஓரமாக நில்லுங்கள், எங்கள் மலையில் அதுதான் முறை.