இப்ப எடுக்கிறதா, பொறுத்து எடுக்கிறதா?

லப்டொப் விற்கிற கடையில் லப்டொப் விற்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் நடக்கும். வெள்ளவத்தையில், ஒரு புடவைக் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் இருக்கிறது நான் நிற்கிற கடை. ஒவ்வொரு நாளும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, கண்ணாடியைத் துடைத்து, முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டு நின்றால், முதலாவதாக வருகிற ஆள் விலையைக் கேட்கமாட்டார். குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ, இப்ப எடுக்கிறதா, பொறுத்து எடுக்கிறதா?" என்றுதான் கேட்பார்.

என்னைப் போலக் கடையில் நின்று கால் வீங்கினவர்களுக்கு இந்தக் கேள்வியின் விஷம் விளங்கும். 'இப்ப எடுங்கோ' என்றால், தலையில் கட்டப் பார்க்கிறாள். 'பொறுங்கோ' என்றால், கடையில் நல்ல சாமான் இல்லை போல. இரண்டுக்கும் நடுவில் நின்று பல்லைக் காட்டத்தான் எனக்குச் சம்பளம்.

கனடாவிலிருந்து கடை பார்த்தவர்

தர்ஷினி என்ற பிள்ளை முதல் முறை வந்தது ஒரு மழை நாளில். கலியாணம் முடித்து இரண்டு வருடம். மாப்பிள்ளை கலியாணத்துக்கு வந்து, மூன்று கிழமை நின்று, கனடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். இவள் விசா வரும் வரும் என்று மாமியோடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் வாடகை வீட்டில் இருக்கிறாள். கணக்கியல் படித்தவள். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று வீட்டில் இருந்தபடியே கணக்குப் பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் சொந்த லப்டொப் இருக்க வேண்டும், அதுவும் மாத முடிவுக்குள். காசு பிரச்சினையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ரியூஷன் சொல்லிச் சேர்த்து வைத்திருந்தாள்.

பிரச்சினை அவள் கையில் இருந்த போனுக்குள் இருந்தது. வீடியோவில் மாப்பிள்ளை கபிலன். புடவைக் கடையில் சேலை காட்டுகிற மாதிரி அவள் ஒவ்வொரு லப்டொப்பாகப் போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். "அதைத் திருப்பும். கீழ என்ன எழுதிக் கிடக்கு? உது பழைய சிப். அடுத்தது வரப்போகுது, கொஞ்சம் வெயிட் பண்ணும். எப்படியும் விசா வந்திடும்தானே, இங்க வந்து எடுப்பம்." அவள் மெல்ல, "வேலை..." என்றாள். "வேலையும் இங்க வந்து செய்யலாம்" என்றார் மனிதர். அவள் கையில் இருந்த லப்டொப்பைத் திரும்ப மேசையில் வைத்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அதைக் கண்டாரோ என்னவோ, என்னிடம் மரியாதையாக ஒரு விளக்கமும் சொன்னார்: "அக்கா, குறை நினைக்காதையுங்கோ, உங்கட கடையில இருக்கிறதெல்லாம் இங்க சனம் வேண்டாமெண்டு ரோட்டுக்கரையில வைக்கிற சாமான்."

டொலர் ஐயா

இளைப்பாறின எஞ்சினியர் ஒருவர். காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி எங்கள் ஏசியில் ஆற வருவார். ஆறுகிற நேரத்துக்கு ஒரு சாட்டு வேண்டுமே, அதனால் ஒரே லப்டொப்பின் விலையைக் கேட்பார். டொலர் ஏறினால், "ஏறியிருக்கேக்க ஆர் வாங்குவான்?" என்பார். டொலர் இறங்கினால், "இன்னும் இறங்கும், இப்ப வாங்கிறது விசர் வேலை" என்பார். அவருக்காகவே நான் காலையில் டொலர் விலை பார்க்கப் பழகிவிட்டேன். ஒரு முறை அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பல நாளாக ஒரே இடத்தில் நின்றது. இன்றைக்குத் தப்பமாட்டார் என்று பில் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஐயா புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு கவலை. பிறகு கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "அசையாம நிக்குது பிள்ளை, இதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மூன்று சமயமும் ஒத்துப்போன இடம்

இந்த ஊரில் சமயங்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று யாராவது சொன்னால் எங்கள் கடைக்குக் கூட்டிவாருங்கள். சைவக்காரர் ஆடி கழியட்டும் என்பார்கள். முஸ்லிம் ஆட்கள் நோன்பு முடியட்டும், பெருநாளைக்குப் பார்ப்போம் என்பார்கள். எங்கள் வேதக்காரரோ தவக்காலத்தில் புதுச் சாமான் எடுக்கிறதா என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். எல்லாக் கடவுளும் சேர்ந்து முடிவெடுத்த ஒரே விஷயம், இந்த மாதம் லப்டொப் வேண்டாம் என்பதுதான்.

கொட்டாஞ்சேனையில் எனக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிற ரீட்டா அன்ரி, மகனையும் இழுத்துக்கொண்டு ஒரு நாள் வந்தா. மகனுக்குப் படிப்புக்கு லப்டொப் வேண்டுமாம். அவன் கை நேராகப் போய் நின்றது கேம் விளையாடுகிறவர்கள் எடுக்கிற, கீபோர்ட்டில் கலர் கலராக லைட் எரிகிற மொடலில். அன்ரி அந்த லைட்டைப் பார்த்தா, மகனைப் பார்த்தா, ஈஸ்டருக்குப் பிறகு வருகிறோம் என்று எழும்பிவிட்டா. அன்ரி, இது படிப்பு விஷயம்தானே, ஆண்டவர் கோவிக்கமாட்டார் என்று நான் இழுத்துப் பார்த்தேன். அன்ரி அவனுடைய காதைப் பிடித்தபடியே சொன்னா: "ஆண்டவர் நாப்பது நாள் சாப்பாடில்லாம இருந்தவர், இவன் நாப்பது நாள் கேம் இல்லாம இருக்கட்டும்."

என்னுடையது

சிலர் கெட்டிக்காரர். "சரி, நீங்க வீட்டில எது பாவிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் இருப்பது மூடியை நிமிர்த்தினால் பின்னால் விழுகிற ஒரு கிழடு. சுவரில் சாத்தி வைத்துத்தான் படம் பார்ப்பேன். வருகிறவர்களுக்கு மட்டும், நல்ல மொடல் ஒன்று பாவிக்கிறேன் என்று வாய் கூசாமல் சொல்லுவேன். போன கிழமை அந்தக் கிழட்டைத் திருத்தக் கொண்டுவந்தேன். கடையில் திருத்த வேலை பார்க்கிற சமிந்த அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தான். புதுசாக நல்ல மொடல் வருகிறதாம், அதுவரைக்கும் இதை ஓடப்பண்ணித் தா என்றேன். அக்கா, நீங்களும் பொறுத்துக்கொண்டா இருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான் பாருங்கள், கடையே சிரித்தது: "அக்கே, ஒயாத் பலாகென இன்னவத?"

மாமியின் யோசனை

தர்ஷினி திரும்ப வந்தாள், இந்த முறை மாமியோடு. முதல் கொம்பனி மாத முடிவு வரைக்கும் பார்த்துவிட்டு வேறு யாருக்கோ வேலையைக் கொடுத்துவிட்டது. இப்போது இன்னொரு கொம்பனி கூப்பிட்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை மாதிரி ஒன்று, லப்டொப்பில் கமராவைப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். அதில் தேறினால் வேலை. இதையும் விட்டால் இன்னொன்று கூப்பிடும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. கபிலனுக்கு மட்டும் எல்லா நம்பிக்கையும் இருந்தது. புது மொடல் வருகிறது, விசாவும் அசைகிறது, இன்னும் இரண்டே மாதம் என்றாராம்.

மகனையும் பகைக்காமல் மருமகளையும் அழவிடாமல் மாமி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தா. திங்கட்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் லப்டொப் வாடகைக்கு வேண்டும். அப்படி நாங்கள் கொடுக்கிறதில்லை அம்மா என்று சொன்னேன். இதற்கிடையில் தர்ஷினி, காட்சிக்கு வைத்திருந்த லப்டொப்பில் என்னவோ கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் ஓடின வேகத்தைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்த பிள்ளையை இப்படி நிற்க வைக்கிறார்களே என்று. மாமியோ என்னோடு சண்டைக்கு நின்றா: "கலியாண வீட்டுக்குக் கதிரையே வாடகைக்குத் தாறாங்கள், நீங்கள் லப்டொப்பைத் தரமாட்டியளோ?"

நானாவின் மருந்து

எங்கள் முதலாளி ரிஸ்வான் நானா. இந்தப் பொறுத்து எடுக்கிற வியாதிக்கு அவரிடம் ஒரு மருந்து உண்டு. "புள்ள, வாங்கச் சொன்னா மனிசன் ஓடுவான். வாணாம்னு சொல்லிப் பாரு, ஒட்டிக்குவான்" என்பார். நான் முதலில் நம்பவில்லை.

வத்தளையிலிருந்து ஒருவர் மகளுக்கு லப்டொப் பார்க்க வந்தார். ஒரு மணித்தியாலமாக எடுக்கிறதா விடுகிறதா என்று என் உயிரை வாங்கினார். நானா எழும்பி வந்து, "சேர், அவசரமில்லாட்டி ரெண்டு மாசம் பொறுங்களேன்" என்றார், அவ்வளவுதான். மனிதருடைய கண் சுருங்கியது. ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்டார். சும்மாதான் என்றார் நானா. வந்த மனிதர் வெளியே போய் யாருக்கோ போன் எடுத்தார், உள்ளே வந்தார், அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கடைசியில் காற்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு சொன்னார்: "விலை ஏறப்போகுது, அதுக்குத்தானே ஸ்டொக்கை ஒளிக்கிறீங்க, பில்லைப் போடுங்க."

சனிக்கிழமை

திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. தர்ஷினியும் மாமியும் கடைக்குள் வந்தார்கள், போனில் கபிலன். நான் நானாவின் காதில் விஷயம் முழுவதையும் ஓதி வைத்திருந்தேன். பாவம் அந்தப் பிள்ளை, நானா, ஏதாவது செய்யுங்கள் என்று. அதற்கென்ன, மருந்து இருக்கிறதே என்று அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நீங்க சொல்றது சரி. இப்ப எடுக்காம பொறுக்கிறதுதான் நல்லம்." இனி மனிதருக்குச் சந்தேகம் வரும், எடுக்கச் சொல்லுவார் என்று நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கபிலனுடைய முகம் மலர்ந்தது. "பாத்தீரே தர்ஷினி, கடைக்காரரே சொல்லுறார். நேர்மையான மனுசன்." நானா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. திங்கட்கிழமையையும் நாங்களே தொலைத்துக் கொடுத்துவிட்டோம்.

தர்ஷினி போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். "இஞ்ச பாருங்கோ. லப்டொப்பை இல்லை, என்னைப் பாருங்கோ." குரல் உயரவில்லை. "விசா என்ர கையில இல்லை. அதுக்கு இவ்வளவு நாள் பொறுத்தனான், இன்னும் பொறுப்பன். திங்கட்கிழமை என்ர கையில இருக்கு. அதை நான் விடமாட்டன்." சமிந்தவுக்குத் தமிழ் அரைகுறை, அவனும் ஸ்குரூ முறுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். போனில் படம் அசையவே இல்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு கபிலன் தொண்டையைச் செருமுவது கேட்டது. "அப்ப... மெமரி கூடினதாப் பாத்து எடும்" என்றார். நான் பில் எழுதத் தொடங்கினேன். பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த மாமி என் பக்கம் சரிந்து சொன்னா: "இவன் சின்னனிலயும் இப்படித்தான் பிள்ளை, நல்ல சைக்கிள் வரும் வரும் எண்டு கடைசிமட்டும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவன்."

அதற்குப் பிறகு

வேலை கிடைத்துவிட்டது. விசா இன்னும் வரவில்லை. கபிலனும் அங்கே புது மொடல் எடுக்கவில்லையாம், அதைவிட நல்லது ஒன்று வருகிறதாம். நீங்கள் விசாவுக்குக் காத்திருக்கிற ஆட்களின் வாடகை வீடுகளுக்குள் போயிருக்கிறீர்களோ தெரியாது. அங்கே எல்லாம் மடங்கும். மேசை மடங்கும், கதிரை மடங்கும், கட்டில்கூட மடங்கும். நாளைக்கே கிளம்புகிறதுக்கு எதற்குக் கனமான சாமான் என்ற எண்ணம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் தர்ஷினி போன மாதம் எங்கள் கடைக்கு வந்தாள். லப்டொப்பில் ஏதோ பிழை என்று நினைத்து நான் பயந்துபோனேன். லப்டொப் நன்றாக வேலை செய்கிறதாம். அவள் விசாரிக்க வந்தது வேறொன்று: "அக்கா, இஞ்ச கிட்டடியில மேசை எங்க எடுக்கலாம், மடக்கிற மேசை வேண்டாம், நல்ல பாரமான மரமேசையாச் சொல்லுங்கோ."

எப்போது எடுத்தாலும் அதைவிட நல்ல மொடல் ஒன்று பிறகு வந்தே தீரும், ஆகவே தேவையான நேரத்தில் எடுத்துவிடுங்கள் என்பதுதான் இத்தனை நாள் நின்று நான் படித்த பாடம், இதைச் சொல்கிறவளுக்கு ஒவ்வொரு பில்லிலும் கமிஷன் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.