பொதுசனத்தின் முறைப்பாடுகள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் குடும்பத்துக்கு ஒரு எதிரி இருந்தார். அவருடைய பெயர் பொதுசனம்.

அவரை யாரும் நேரில் கண்டதில்லை. கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்த என் அண்ணன், காக்கா, அறைக் கூட்டாளிகளோடு சேர்ந்து எங்கள் ஊருக்கென்று இணையத்தில் ஒரு விவாதப் பக்கம் தொடங்கியிருந்தார். சாய்ந்தமருதிலிருந்து பிழைப்புக்காக எங்கெங்கோ போனவர்கள் அதில் கூடி, ஊரில் யார் மௌத்தானது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்தக் கழகம் கிரிக்கெட்டில் வென்றது என்று கதைப்பார்கள். கதை முற்றினால் சண்டையும் பிடிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் பொதுசனம் என்ற புனைபெயரோடு வந்தவர்தான் எங்கள் எதிரி. அவர் ஒருவருடைய கதையிலும் கலந்துகொள்வதில்லை. பக்கத்தின் தோற்றத்தில் குறை கண்டுபிடிப்பது ஒன்றே அவருடைய வேலை. அந்தத் தோற்றத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் என் அக்கா, ராத்தா.

ராத்தா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அவளுக்கென்று வாப்பா கடற்கரைப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த வீடு, நாங்கள் குடியிருந்த வீட்டையும் சேர்த்துக்கொண்டு சுனாமியில் போனது. எங்கள் உயிர்கள் மட்டும் தப்பின. பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முதலில் வந்து எங்களோடு சேர்ந்து அழுதார்கள். பிறகு எப்போதாவது வந்தார்கள். பிறகு வரவேயில்லை. அவர்கள் கொண்டுவரும் மஸ்கட் இனிப்பு நின்றுபோனதுதான் அந்த வயதில் எனக்கிருந்த பெரிய கவலை.

வயற்பக்கம் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த தொடர்மாடி வீட்டுக்குள் ராத்தா ஒடுங்கிப்போனாள். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களுக்குக் கூப்பிட்டால் தலையிடி என்பாள். கடைத்தெருவுக்குக் கூப்பிட்டாலும் தலையிடிதான். லீவில் வந்த காக்கா ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைத்து, விவாதப் பக்கத்தின் சாவியை, அதாவது இரகசியச் சொல்லை, அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். “எனக்கு அங்க நேரமில்ல. நீதான் படிச்ச புள்ள, இத வடிவா ஆக்கி வை” என்றார்.

பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, எந்தப் பெட்டி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்டைல் ஷீட் என்ற ஒரு கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருந்தன. இங்கே ஒரு வரியை மாற்றினால் கட்டாரில் இருப்பவரின் திரையில் நிறம் மாறும். எனக்கு அது மந்திரமாகத் தெரிந்தது. ராத்தாவுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. சாம்பலை நீலமாக்கினாள், காக்காவின் ஆசை தீர்ந்தது என்று விட்டுவிட்டாள்.

அப்போதுதான் முதலாவது முறைப்பாடு வந்தது.

‘எழுத்துக்களுக்குத் தலை இல்லை. கி எது, கீ எது என்று தெரியவில்லை. வாசிக்கிறவர்களை முட்டாள்கள் என்று நினைத்தீர்களா? - பொதுசனம்.’

ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பக்கம் அது. வரிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி போதாமல் எங்கள் எழுத்துக்களின் தலையில் நிற்கும் விசிறிகளின் சுழிகள் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. ராத்தாவின் முகம் சிவந்தது. “ஆருகா இந்த மனிசன்? சம்பளம் தாற மாதிரியெல்லா கதைக்கிறாரு!” என்று கேட்டவள், தொழுகைக்கு எழும்பியதைத் தவிர அன்று முழுவதும் மேசையை விட்டு அசையவில்லை. மாலையில் எல்லா எழுத்துக்கும் தலை வந்தது.

மறுநாள் பொதுசனம் எழுதினார்: ‘தலை வந்துவிட்டது, நன்றி. ஆனால் பொத்தான்களில் இருக்கும் எழுத்துக்களுக்கு இப்போது கால் இல்லை.’

இப்படியே போனது. ராத்தா ஒன்றைத் திருத்த, அவர் இன்னொன்றைப் பிடிப்பார். இராச்சோற்றில் உம்மா அவரைச் சபிப்பாள். “ஆரு பெத்த புள்ளயோ, என்ட புள்ளயப் போட்டு வதைக்கிறான். அவன்ட கை விளங்காமப் போக!” அப்போது வாப்பாவின் கை சோற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிடும். வாப்பாவுக்கும் பொதுசனத்தின் மேல் கோபம் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் பெரிய முறைப்பாடு வந்தது. வலப்பக்கத்தில் நிற்க வேண்டிய பெட்டி தவறிப்போய்ப் பக்கத்தின் அடியில் விழுந்து கிடக்கிறதாம். எங்கள் கொம்பியூட்டரில் அது ஒழுங்காகத்தான் நின்றது. ராத்தா தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, பழைய கொம்பியூட்டர்களில் அப்படி வரக்கூடும் என்று எங்கோ வாசித்தது அவளுக்கு நினைவு வந்தது. கல்முனை பிரதான வீதியில் வாப்பாவுக்குத் தொலைபேசி, போட்டோக்கொப்பிக் கடை இருந்தது. வருகிறவர்கள் இணையம் பார்க்க இரண்டு பழைய கொம்பியூட்டர்களும் அங்கே இருந்தன. ராத்தா ஒரு தாளில் பக்கத்தைப் பெட்டி பெட்டியாகக் கீறி என்னிடம் தந்தாள். “வாப்பாக்குச் சோறு கொண்டு போறாய்தானே? கடைக் கொம்பியூட்டர்ல இந்தப் பெட்டி எங்க நிக்குதெண்டு பாத்துட்டு வா.”

வழியில் இருந்த சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் சாப்பாட்டுப் பையைத் திறந்து, அந்தத் தாளை எடுத்து விரித்தார். பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக இருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. எனக்குத் தெரிந்த சிங்களச் சொற்களில் ஒன்றை எடுத்து, “கெதர” என்றேன். வீடு. அவர் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்குக் கதவு இல்லையே என்று கையால் காட்டிச் சிரித்தார். தாளை மடித்துச் சோற்றுக்கு மேலே வைத்து என்னைப் போக விட்டார்.

கடையில் ஆட்கள் இல்லை. வாப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். தமிழ் எழுத்துக்கள் ஒட்டியிருந்த விசைப்பலகையில் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கினார். திரையில் எங்கள் நீலப் பக்கம் இருந்தது. மேலே பெயர் இருந்தது: பொதுசனம்.

“வாப்பா!” என்றேன்.

வாப்பா திரும்பினார். களவாக இனிப்புத் தின்று பிடிபட்ட பிள்ளையின் முகம். எழும்பிப் போய் எதிர்க்கடையில் எனக்கொரு ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

“ராத்தாக்குச் செல்லிடாத மகள்.”

“ஏன் வாப்பா ராத்தாவ ஏசுறீங்க?”

வாப்பா வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். “நேத்து நான் எழுதினதுக்கு என்ன சென்னா?” என்று கேட்டார்.

“நல்லாக் கோவிச்சா. எழும்பி அங்கயும் இங்கயும் நடந்தா.”

“நடந்தாவா?” வாப்பாவின் முகம் மலர்ந்தது. “சோறு?”

“ரெண்டு தரம் போட்டுத் திண்டா.”

வாப்பா தலையை ஆட்டினார். பெற்ற மகளைக் கோபப்படுத்திவிட்டு இப்படிச் சந்தோசப்படும் தகப்பனை நான் கண்டதில்லை. என்றாலும் ஐஸ்பழம் வாயில் இருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அன்றிலிருந்து நானும் பொதுசனத்தின் ஆள். வாப்பா சொந்தமாகக் கண்டுபிடித்த குறைகள் தீர்ந்துபோயிருந்தன. சோறு கொண்டு போகும்போதெல்லாம், “இன்னும் என்ன குறை இரிக்கி, செல்லு” என்று என்னைத்தான் கேட்பார். நானும் எனக்கு வேண்டியதையெல்லாம் குறையாகச் சொன்னேன். கடும் நீலம் கண்ணைக் குத்துகிறது, ரோஸ் நிறம் நல்லது என்று பொதுசனம் எழுதினார். ஓரத்தில் பூக்கள் வைத்தால் என்ன என்றும் கேட்டார். ராத்தா திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்தாள் ஆம்பிளையா, பொம்பிளையா?” என்று என்னிடம் கேட்டாள். நான் கூரையைப் பார்த்தேன்.

விழுந்து கிடந்த வலப்பக்கப் பெட்டி மட்டும் எழும்பவே இல்லை. நான் பார்த்து வந்து சொல்வதை வைத்து ராத்தா என்னென்னவோ மாற்றினாள். மறுநாள் போய்ப் பார்த்தால் அது அடியில்தான் கிடக்கும். ஒரு பின்னேரம் நானும் வாப்பாவும் அடுத்த முறைப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், அபாயா போட்டுக்கொண்டு, வெயிலில் வந்து வேர்த்த முகத்தோடு ராத்தா. தெருவுக்கு வந்தே வருடக் கணக்காகியிருந்தவள், தனியாக, பஸ் ஏறி வந்திருந்தாள்.

வாப்பா குனிந்து கொம்பியூட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டார். திரை கறுத்தது.

“பெட்டிய நானே பாக்கப் போறன் வாப்பா” என்றாள் ராத்தா.

“கரண்டு பெய்த்து மகள்.”

எங்களுக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ராத்தா அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வாப்பாவின் கையில் இருந்த வயரைப் பார்த்தாள். என் ரோஸ் நிறச் சட்டையையும் பார்த்தாள். முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்தினாள், ஆனாலும் அவளால் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வயர் பிடுங்கியதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

“அப்ப கரண்டு வரும்வரைக்கும் இரிக்கிறன்” என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வாப்பாவே கரண்டை வரவழைத்தார். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் அந்தப் பெட்டி எழும்பி வலப்பக்கம் போய் நின்றது.

அதற்குப் பிறகு ராத்தா பின்னேரங்களில் கடைக்கு வரத் தொடங்கினாள். கடைக்கு வருகிற பெண்பிள்ளைகள் அவளிடம் கொம்பியூட்டர் கேட்டுப் பழகினார்கள். வேறு ஊர்ப் பக்கங்களை நடத்தியவர்களும் தங்கள் பக்கத்தை அழகாக்கித் தரச் சொல்லி எழுதினார்கள். பொதுசனம்தான் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

நாட்டில் நடந்த சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோ சொன்ன கிழமை அது. விவாதப் பக்கம் முழுவதும் அதே கதையாக இருந்தது. அதற்கு நடுவில் ராத்தா ஸ்டைல் ஷீட்டைத் திறந்து, தலைப்புகளின் நிறத்தை வெளிர் மஞ்சளாக மாற்றினாள். வெள்ளையில் மஞ்சள், ஒரு எழுத்தும் தெரியவில்லை.

“ஏன் ராத்தா?”

“சும்மா. ஆரும் குறை சொல்றாங்களா எண்டு பாப்பம்.”

மறுநாள் ஓடிப்போய் வாப்பாவிடம் திரையைக் காட்டினேன். இவ்வளவு பெரிய குறை இதுவரைக்கும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. வாப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த மஞ்சளையும், பின்னேரங்களில் ராத்தா வந்து இருக்கும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எழுதுங்க வாப்பா” என்றேன்.

“என்னத்த எழுத? நல்ல வடிவாத்தானே இரிக்கி மகள்.”

ராத்தாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது, வாப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.