எனக்கு வராத விருப்பு வாக்கு

மகள், மகன், இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். மகன் தமிழில் நீளமான வசனங்களை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். அவனுக்கு மகள் வாசித்துக் காட்டட்டும்.

நான் நகரக் கவுன்சில் தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுத்துவிட்டு மறுநாளே போய்த் திருப்பி எடுத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. அம்மா அந்தக் கதையை எடுத்தால் நான் எழும்பிப் போய்க் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளி வைத்துவிடுவேன், குப்பை எடுக்கிற நாளாக இல்லாவிட்டாலும்.

எல்லாம் ஒரு கதிரையில் தொடங்கியது. அம்மா வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு முன்னால் உள்ள பஸ் ஸ்டொப்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கம்பமும் ஒரு தகடும்தான். நாள் முழுக்க மற்றவர்களைத் தூக்கி இருத்திவிட்டு வருகிற அம்மாவுக்கு இருக்க இடமில்லை. நோபல் பார்க் பக்கம் ஒரு பிறந்தநாள் வீட்டில் நான் இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒரு கதிரை போட இவங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அந்தத் தம்பி என் தோளில் கையைப் போட்டார். உங்களுக்கு அவரைத் தெரியும். மாணவனாக இங்கே வந்து, இப்போது ஸ்பிரிங்வேலில் சொந்தமாகக் கணக்காளர் அலுவலகம் வைத்திருக்கிறார். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அவர்தான் வரிக் கணக்குப் பார்க்கிறவர்.

"அண்ணை, இப்பிடிக் கேள்வி கேக்கிற ஆக்கள்தான் கவுன்சிலுக்குப் போகவேணும்."

"நானோ? விசர்க் கதை கதையாதையும். நான் ஓ-லெவலோட படிப்பை விட்டவன்."

"அதுக்கென்ன? நானும் நிக்கிறன், நீங்களும் நில்லுங்கோ. எங்கட சனத்தில ரெண்டு பேர் நிண்டால் பலம். பேப்பர் வேலையெல்லாம் என்ர ஒபிஸ் பாக்கும். பிரிஃபரன்ஸ் விசயத்தை நான் ஒழுங்குபடுத்துறன். நீங்கள் யோசிக்காதையுங்கோ."

பிரிஃபரன்ஸ். அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன்.

பிரிஃபரன்ஸ் என்றால் எனக்கு விருப்பு வாக்கு. இலங்கையில் பாராளுமன்றத் தேர்தல் வந்தால் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் அடையாளம், போடுவோம். பிறகு அந்தக் கட்சியில் எவரை விரும்புகிறோமோ அவருடைய இலக்கத்துக்கும் புள்ளடி போடுவோம். அந்த இரண்டாவது புள்ளடிதான் விருப்பு வாக்கு. அது கூடுதலாகக் கிடைத்தவர் பாராளுமன்றம் போவார். ஒரே கட்சியில் பல பேர் வெல்லலாம். ஆகவே ஒருவர் என்னிடம் பிரிஃபரன்ஸை ஒழுங்குபடுத்துகிறேன் என்றதும், எனக்குச் சனத்தின் வாக்கைச் சேர்த்துத் தரப்போகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் தொகுதியில் ஒருவர்தான் வெல்லலாம் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவரும் போவார், நானும் போவேன் என்று நினைத்தேன்.

இத்தனை வருடமும் இந்த நாட்டில் வோட்டுப் போட்டவன்தான். போடாவிட்டால் தண்டம் என்பதால் போடுவேன். யாராவது தருகிற துண்டுத் தாளைப் பார்த்து, அதில் இருக்கிறபடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிவிட்டு வருவேன். ஏன் எல்லாப் பெட்டியிலும் எண் எழுதச் சொல்கிறார்கள் என்று ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் செய்தி பரவியது. எனக்கு எதிரே இருந்து சாப்பிடுகிற நண்பர் கறிக் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணைக்குக் கதிரை ஆசை வந்திட்டுதடாப்பா."

"ஓம். பஸ் ஸ்டொப்பில போடுறதுக்கு."

"எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் அவர்கள் என்னைக் "கவுன்சிலர்" என்று கூப்பிட்டபோது நான் அதை மறுக்கவில்லை. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் முகம் கழுவும்போது அதை ஒருதடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் சிற்றப்பாவின் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு படம் எடுத்தேன். கை நீளம் என்று அம்மா உள்ளுக்குள் ஊசி குத்திவிட்டா. வேட்பாளர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய பயிற்சியை மகள் கணினியில் போட்டுத் தந்தாள். நான் குசினி மேசையில் இருந்து அதைப் பார்த்தேன். விளங்காத இடங்களில் அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று அமத்திக்கொண்டு போனேன். மகள், நீ பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய்.

"டாட், உங்கட பிரிஃபரன்ஸை ஆர் பாக்கினம்?"

"அது அந்த அங்கிள் பாப்பார்."

"ஆர் யு ஷுவர்?"

"எனக்குத் தெரியும், நீ உன்ர வேலையைப் பார்."

நீ ஓகே என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைத் திறந்தாய். அன்றைக்கு உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திராது. தகப்பன் பிள்ளையிடம் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தத் தம்பியே காரில் கூட்டிக்கொண்டு போனார். தேர்தல் அலுவலகம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்திருந்தேன். மூடிப்போன ஒரு தளபாடக் கடையைத் தேர்தலுக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கண்ணாடியில் பழைய மலிவு விற்பனை விளம்பரத்தைச் சுரண்டிய அடையாளம் தெரிந்தது. "நீங்கள் போங்கோ அண்ணை, நான் காருக்குள்ள இருக்கிறன்," என்றார். அவர் தன்னுடைய மனுவை முந்தின வாரமே கொடுத்துவிட்டார்.

உள்ளே எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காத்திருந்தார். அந்தக் குளிரிலும் கட்டைக் காற்சட்டை. ஒவ்வொரு தேர்தலிலும் நின்று ஒவ்வொரு தேர்தலிலும் தோற்பவர் என்று தன்னைத்தானே அறிமுகப்படுத்தினார். பிறகு என் கோட்டைப் பார்த்துவிட்டு, யாருக்காக நிற்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சனத்துக்காக," என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அது சரி மேட். உன்னுடைய பிரிஃபரன்ஸ் யாருக்குப் போகிறது?"

"எல்லாம் எனக்குத்தான்." பெருமையாகவே சொன்னேன்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தொடர்ந்து சிரித்திருந்தால் எனக்கு அவ்வளவு வெட்கம் வந்திராது.

மேசையில் கவுன்சிலின் விளம்பரத் தாள்கள் கிடந்தன. அவர் அவற்றை எடுத்து மூன்று குவியல் வைத்தார். ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று சின்னது. சின்னதைத் தொட்டு, இது நீ என்று வைத்துக்கொள் என்றார். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியாக வருகிறவனை வெளியே எடுத்துவிடுவார்களாம். அவனுடைய வாக்குகள் குப்பைக்குப் போகாது. ஒவ்வொரு தாளிலும் இரண்டு என்று எவருக்கு எழுதியிருக்கிறதோ அவருக்குப் போகும். சொல்லிக்கொண்டே என் குவியலைத் தூக்கி நடுத்தரக் குவியலின் மேல் வைத்தார். அது பெரிதாகிவிட்டது. என் இடத்தில் வெறும் மேசை.

"பிரிஃபரன்ஸ் உனக்கு வருகிற சாமான் அல்ல," என்றார். "உன்னிடமிருந்து போகிற சாமான்."

என்னுடைய பைலுக்குள், சனத்துக்குக் கொடுப்பதற்கென்று அந்தத் தம்பியின் அலுவலகம் தயாரித்த துண்டு இருந்தது. எப்படி வோட்டுப் போடுவது என்று காட்டுகிற துண்டு. எடுத்துப் பார்த்தேன். என் படம், என் பெயர், பக்கத்தில் ஒன்று. அதற்குக் கீழே அவருடைய பெயர், பக்கத்தில் இரண்டு. கிழவரும் எட்டிப் பார்த்தார். தாள்களை ஒழுங்காக அடுக்கி, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த அலுவலர் அம்மா நல்ல மனுசி. என் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னா. உறுதிமொழியை ஆறுதலாக வாசித்தா. விளங்கியதா என்று கேட்டா. எனக்கு அப்போதுதான், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எல்லாம் விளங்கியிருந்தது. "யெஸ்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

ஏன் வைத்தேன்? வெளியே கார் நின்றது. வீட்டில் அம்மா கோயிலுக்கு வருகிற எல்லா அன்ரிமாருக்கும் சொல்லிவிட்டா. மகன் என் படத்தை வரைந்து, பக்கத்தில் ஒன்று என்று பெரிதாக எழுதிப் பிரிட்ஜில் ஒட்டியிருந்தான். மேலே கோட், கைக்குள் ஊசி. கையெழுத்து வைக்காமல் அந்தக் கதவால் வெளியே வர எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அவ்வளவுதான். ஏமாந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விளங்கின பிறகும் வைத்தேனே, அந்தக் கையெழுத்தைத்தான் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை.

"முடிஞ்சுதோ அண்ணை?"

"ஓம்."

"நல்ல விசயம். வாங்கோ, ஒரு கோப்பி குடிப்பம்."

அந்தக் கோப்பியையும் குடித்தேன்.

பின்னேரம் கராஜுக்குள் போய் நின்று அவருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, நான் கடைசியா வந்தால் என்ர வோட்டு எங்க போகும்?"

"உங்களுக்கு ஏன் அண்ணை இந்த யோசினை?"

"சொல்லுமன்."

"எங்கட சனத்துக்குள்ளதானே அண்ணை நிக்கும். வெளியில போகாது."

"உம்மட துண்டில ரெண்டு ஆர்?"

அவர் ஒரு வெள்ளைக்காரரின் பெயரைச் சொன்னார். "அது ஒரு ஒப்பந்தம் அண்ணை, அவையும் எங்களுக்குச் செய்யினம். எல்லாரும் செய்யிறதுதான்."

"நான் எத்தினையாவது?"

"அண்ணை, அதெல்லாம் சும்மா நம்பர்..."

"எத்தினையாவது?"

"கடைசிக்கு முன்னால போட்டிருக்கு."

நான் அவரை ஏசவில்லை. "சரி தம்பி, வைக்கிறன்," என்றேன். அவரில் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவர் பிரிஃபரன்ஸ் என்றுதான் சொன்னார். அதை விருப்பு வாக்கு என்று மொழிபெயர்த்தவன் நான். குசினிக்குள் வந்தேன். பிரிட்ஜில் என் படம், பக்கத்தில் ஒன்று. பால் எடுக்கிறதென்றால் அதைத் தொட்டுத்தான் திறக்கவேண்டும். அன்றிரவு வெறும் தேத்தண்ணி குடித்தேன்.

மனுக்கொடுப்பது மறுநாள் மத்தியானத்தோடு முடிகிறது. அதற்கு முதல் விலகலாம் என்று பயிற்சியில் எங்கோ ஓடியது ஞாபகத்தில் இருந்தது. வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, கோட்டில்லாமல், பஸ்ஸில் போனேன். அதே அலுவலர் அம்மா. விலகுகிறேன் என்றேன். நிச்சயமா என்று கேட்டா. எழுதிக் கையெழுத்து வைத்தேன். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை.

எழும்பும்போது, எங்கள் பழக்கத்தில் "போட்டு வாறன்" என்று சொல்ல வந்தது. அதை அப்படியே ஆங்கிலத்தில், போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்லது, அப்படியென்றால் நான்கு வருடத்தில், அடுத்த தேர்தலில் பார்ப்போம்," என்றா. நான் திருத்தவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் விலகிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா, "என்னப்பா, எல்லாருக்கும் சொல்லியாச்சே," என்று கதிரையில் இருந்துவிட்டா. மகன், நீ படத்தைக் கழற்றிக்கொண்டே, அப்பா பயந்துபோனார் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அக்கா உன் தோளில் அடித்தாள். நீ சொன்னதை நான் அப்படியே விட்டேன். பயந்தவன் என்பது உண்மையை விடக் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

அந்தத் தம்பி தோற்றுப்போனார். கொஞ்ச வாக்குத்தான் போதாமல் போனதாம். கோயிலில் செருப்புப் போடுகிற இடத்தில், "அண்ணை நிண்டிருந்தால் எங்கட ஆள் ஒருத்தர் வந்திருப்பார்," என்று யாரோ எனக்குக் கேட்கும்படி சொன்னார்கள். நான் குனிந்து வாரைப் பூட்டினேன். வார் ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

ஆனால் அவர் தோற்பதற்கு முதல் ஒன்று நடந்தது. வாக்குச் சீட்டு தபாலில் வந்தது. என் பெயர் இல்லாத சீட்டு. மகள், நீ மேசையில் படித்துக்கொண்டிருந்தாய். நான் அதை உன் புத்தகத்தின் மேல் வைத்தேன்.

"பிள்ளை, இந்த நம்பருகள் என்ன செய்யுது எண்டு எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்து."

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பாத்திரம் கழுவிய அந்த நாளை நீயும் நினைத்தாய் என்றே எனக்குப் பட்டது. பேனையை எடுத்து, பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகச் சொல்லத் தொடங்கினாய். கிழவர் காட்டியதுதான். இருந்தாலும் கடைசிவரை கேட்டேன். விளங்காத இடத்தில், திரும்பச் சொல்லு என்றேன். நீ திரும்பச் சொன்னாய்.

பிறகு நீ அறைக்குள் போய்விட்டாய். நான் ஒரு துண்டையும் பார்க்காமல், ஒவ்வொரு பெயராக வாசித்து, எல்லாப் பெட்டியிலும் நானே எண் எழுதினேன்.