நேராக்கின முகம்

என் தங்கச்சி மேல எனக்குப் பொறாமை. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது, வாயும் ஒத்துழைக்காது. காதுக்கு முன்னாடி தாடை மூட்டு இருக்கு பாருங்க, அதுல இடது பக்கத்து மூட்டு எனக்குப் பதினெட்டு வயசுலயே மக்கர் பண்ண ஆரம்பிச்சுடுச்சு. வாயைத் திறந்தா 'டக்'குனு சத்தம். கொஞ்சம் கொஞ்சமா முகவாயும் இடது பக்கம் ஒதுங்கிடுச்சு. சிரிச்சா உதடு கோணிக்கும், யாரையோ நக்கல் பண்றேன்னு நினைச்சுக்குவாங்க. பாதி நேரம் நக்கல்தான் பண்ணிட்டிருப்பேன், அது வேற விஷயம்.

தங்கச்சி சிட்டு என்னைவிட மூணு வயசு சின்னவ. அதே அப்பா, அதே அம்மா, அதே மூக்கு. ஆனா முகம் மட்டும் அளந்து வெச்ச மாதிரி நேரா இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும், "சின்னவ என்ன லட்சணம், மூக்கும் முழியுமா!"ம்பாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ நல்லாப் படிக்கிறியாம்மா?"ம்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இதுல என் பொழப்பைக் கேளுங்க. ஃபோட்டோ ஸ்டூடியோவுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அடுத்தவங்க மூஞ்சியைத் திருத்துறது. பருவை அழிப்பேன், ஏறி இறங்கின கண்ணை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவேன். பதினாலு வருஷத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கிற மூஞ்சி ஒண்ணுகூட வந்ததில்ல. எல்லாருக்கும் கொஞ்சம் கோணல் உண்டு, எனக்குத்தான் தாராளம். அதனால என் படம் எது வந்தாலும் வலது பாதியைத் திருப்பி இடது பக்கம் ஒட்டிடுவேன். அசல் படத்தை உடனே அழிச்சுடுவேன். யார் கண்ணுலயாவது பட்டுத் தொலைச்சா?

ஆறு வருஷம் முன்னாடி சிட்டுவோட கல்யாணம். ஆல்பம் எங்க ஸ்டூடியோவுல, அதாவது என் கையில. முதல்ல வழக்கம்போல என் முகத்தை நேராக்கினேன். அப்புறம் அவ முகத்தைப் பாத்தேன். திருத்த ஒண்ணுமே இல்ல. வயிறு எரிஞ்சுது. அவ முகவாயை இடது பக்கம் ஒரு இழை தள்ளினேன். ஒரே ஒரு இழைதான். அடுத்த படத்துலயும் தள்ளினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நாப்பது படமும் முடிஞ்சுது, அசலும் போச்சு. ஒருத்தரும் கண்டுபிடிக்கல.

போன மாசம் என் தாடை இறுகிப்போச்சு. ஒரு விரல் நுழையிற அளவுக்குக்கூட வாய் திறக்கல. சிட்டுதான் பதறியடிச்சு என்னைத் தாடை டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனா. மூட்டு எலும்பு தேஞ்சு அந்தப் பக்கம் குட்டையாயிடுச்சு, அதான் முகவாய் அங்க இழுக்குதுன்னு டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டிச் சொன்னாங்க.

"தேய்மானம் நின்னுடுச்சுன்னா ஆபரேஷன் பண்ணி முகத்தை நேராக்கிடலாம். இன்னும் தேயுதுன்னா நேராக்கினாலும் திரும்பக் கோணிக்கும். பழைய ஃபோட்டோ இருந்தாக் கொண்டு வாங்க, பக்கத்துல வெச்சு இன்னும் தேயுதான்னு பாக்கலாம்."

நேரான முகம்! பதினாறு வருஷமா நான் ஏங்கினது அது ஒண்ணுக்குத்தான். ஆனா எங்கிட்ட ஏது பழைய ஃபோட்டோ? அடுத்த தடவை போனப்போ, நான் கேக்காமலே சிட்டு அந்த ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்து நின்னா. நான் கை வெச்ச அதே கல்யாண ஆல்பம்.

டாக்டரம்மா என் படத்தைப் பாத்துட்டு நெத்தியைச் சுருக்கினாங்க. "ஆறு வருஷம் முன்னாடி நேராத்தானே இருந்திருக்கு? அப்போ இது ரொம்ப வேகமாத் தேயுது. ஆபரேஷன் பேச்சே எடுக்க முடியாது." நான் அப்பவும் வாயைத் திறக்கல. நேராத்தானே இருந்திருக்குன்னு ஒருத்தர் சொல்றதைக் கேக்க அவ்வளவு இனிப்பா இருந்துச்சு, வெக்கங்கெட்டவளுக்கு.

அப்புறம் சிட்டுவோட படத்து மேல பூதக்கண்ணாடியை நகர்த்தினாங்க. "உங்களுக்கும் முகவாய் லேசா இடது பக்கம் போயிருக்கே. அப்போ தாடையில வலி இருந்துச்சா?"

சிட்டு முகம் வெளுத்துப்போச்சு. "வலி இல்ல டாக்டர். ஆல்பம் வந்த அன்னைக்கே பாத்தேன். அக்காவுக்கு வந்தது எனக்கும் வருதுன்னு பயம். அன்னையிலிருந்து இடது பக்கம் மெல்றதே இல்ல. குழந்தையோட படம் எடுத்தாக்கூட முகத்தைத் திருப்பிக்குவேன். அக்காகிட்ட எப்படிச் சொல்றது? அவ பட்ற பாடே போதும்னு விட்டுட்டேன்."

அதுக்கு மேல என்னால உக்கார முடியல. "அது எலும்பு இல்ல டாக்டர், நான்தான். அவ முகத்தைக் கோணலாக்கினதும் நான், என் முகத்தை நேராக்கினதும் நான். பொறாமையில பண்ணினேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "அசல் படம் இருக்கா?"

"இல்ல. அழிச்சுட்டேன்."

எழுதினதையெல்லாம் அடிச்சாங்க. "அப்போ எதுவுமே தெரியாது. இன்னைக்கு ஒரு படம், இனி மூணு மாசத்துக்கு ஒண்ணு. ஒரு வருஷம் பொறுத்துத்தான் சொல்ல முடியும்."

நான் சிட்டுவைத் திரும்பிப் பாத்தேன். திட்டுவா, ஓங்கி ஒண்ணு வைப்பான்னு காத்திருந்தேன். அவ என் கையைப் புடிச்சுக்கிட்டா.

"எனக்குத் தைரியம் சொல்றதுக்காகப் பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்காதக்கா. நீ போய் அப்படிப் பண்ணுவியா?"

"நிஜமாத்தான்டி, நான்தான்டி."

"சரி சரி, அழாத." கண்ணைத் துடைச்சுக்கிட்டு ரிசப்ஷனுக்குப் போய், தனக்கும் ஒரு ஸ்கேன் எழுதச் சொன்னா.